வலப்பக்கம் இழுக்கும் லாரி

இந்த லாரிக்கு பிரேக் வேலை யார் பார்த்தது என்று கேட்டீர்கள். நான்தான் சார். மெக்கானிக் யாரும் இல்லை. வண்டி என் கைக்கு வந்த நாளிலிருந்து அதன் பிரேக்கில் வேறு ஆள் கை வைத்ததில்லை.

ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மிதித்ததும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது என்று சொன்னீர்கள். இவ்வளவு பழைய வண்டியில் இப்படி ஒரு பிரேக்கைப் பார்த்ததில்லை என்றீர்கள். சந்தோஷம். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் உங்களைப் போல எஃப்.சி. சான்றிதழுக்காகப் பார்க்கவில்லை. வண்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்திருந்தபோது பார்த்தார்.

கொஞ்சம் இப்படி நிழலில் உட்காருங்கள். கையெழுத்து அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இந்த பிரேக்கைப் பாராட்டுகிற ஒருவரிடமாவது விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் கோவிந்தராசு. முதலியார்பேட்டையில் வீடு. வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை, அதில்தான் வண்டி நிற்கும். முன்பு மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மில் வாரத்தில் பாதி நாள் கதவைச் சாத்தத் தொடங்கியதும் வெளியே வந்து இந்த வண்டியை எடுத்தேன். பட்டாளத்தில் ஏலம் விட்டது. அப்போதே அதற்கு வயசாகியிருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவன் ஒர்க் ஷாப்பை நம்பினால் ஒர்க் ஷாப்தான் ஓடும், வண்டி ஓடாது. அதனால் எல்லா வேலையையும் நானே பழகிக்கொண்டேன். என்ஜினை வேண்டுமானால் இன்னொருவன் தொடட்டும் என்று விடுவேன். பிரேக்கை விடமாட்டேன்.

பிரேக் வேலையில் பெரும்பாலும் ஒற்றை ஆளே போதும். சக்கரத்தைக் கழற்றலாம், அதோடு சுழலும் இரும்பு டிரம்மை இறக்கலாம், டிரம்மை உள்ளிருந்து பிடிக்கிற லைனிங் தேய்ந்திருந்தால் பெயர்த்துவிட்டுப் புதுசு வைத்து ரிவிட் அடிக்கலாம். கடைசியில் ஏர் எடுக்கிறதுக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆயில் போகிற குழாயில் துளிக் காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அந்தக் காற்றை வெளியேற்ற ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லாம் குரல்தான். 'அமுக்கு' என்றால் அமுக்க வேண்டும். 'புடி' என்றால் அப்படியே பிடித்திருக்க வேண்டும். 'விடு' என்று நான் சொல்வதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், செய்ததெல்லாம் வீண்.

எனக்கு மேலே உட்கார்ந்து மிதித்தவள் என் மனைவி செல்வாம்பாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்காருவாள். "இன்னும் பஞ்சாத்தான் கீது" என்பாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பரவால்ல" என்பாள். அவள் பாதம் சொன்னால் சரியாக இருக்கும். நான் சொல்லாமல் அவள் காலை எடுத்ததே கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

என் காலைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போய்விட்டேன். வண்டி நகர்ந்து வலது காலில் ஏறியது. யார்மேலும் குற்றமில்லை, கட்டை வைக்க வேண்டியவன் நான். எலும்பு கோணலாகக் கூடியது. நடக்கலாம், ஊர்ந்து வண்டிக்கு அடியில் போகலாம், பெடல் மிதிக்க முடியாது. ஓட்டுவது அன்றோடு போயிற்று. அதன்பிறகு ஓட்டியவன் சக்கரபாணி.

சக்கரபாணி செல்வாம்பாளின் தம்பி. தாய் இறந்தபின் அவள்தான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது சீரோடு சேர்த்து இடுப்பில் தம்பியையும் கொண்டுவந்தாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் நல்லவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவனைக் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாது. குடிக்க மாட்டான். சம்பளம் என்று கேட்டதில்லை. எனக்கு நொண்டிக் கால் என்று ஒருநாளும் நினைப்பூட்டியதில்லை. சந்தைக்குப் போனால் எனக்கும் சேர்த்து நடப்பான்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. முன்பக்க இடது சக்கரத்தின் டிரம் தேய்ந்து கீறல் விழுந்துவிட்டது. அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது. வலது பிடிக்கும், இடது வழுக்கும். லோடு ஏற்றிக்கொண்டு வேகத்தில் பிரேக் அடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். காலியாகப் போகும்போது இது தெரியாது, லோடு ஏறினால்தான் தெரியும். இந்த மாடலுக்கு டிரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. என்னால் முடிந்தமட்டும் மற்ற சக்கரங்களைச் சரிக்கட்டி வைத்திருந்தேன்.

சக்கரபாணிக்கு அது பழகிப்போயிற்று. லோடு ஏறிவிட்டால், கால் பிரேக்குக்குப் போகும்போதே கை ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும். அவன் யோசித்துச் செய்வதில்லை. சோறு எடுத்த கை வாய்க்குப் போகிறதே, அப்படி. வண்டி வலது பக்கம் இழுக்க, அவன் இடது பக்கம் ஒடிக்க, இரண்டும் சேர்ந்து நேராக நிற்கும். பார்க்கிறவனுக்கு வண்டியில் குறை இருப்பதே தெரியாது.

"வலப்பக்கம் எவளயோ பார்த்து வெச்சிருக்கு மாமா இது. கால வெச்சா போதும், அந்தாண்டதான் ஓடுது" என்பான்.

"நீ எவளயும் பாக்காம இருந்தா சரி" என்பாள் அவன் அக்கா.

"நான் பாக்க மாட்டேங்க்கா. அவளுங்கதான் என்னைப் பாக்குறாளுங்க."

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் விழுப்புரம் பக்கம் ஒரு காயலான் கடையில் டிரம் கிடைத்தது. இதே மாடல், இடது முன்சக்கரத்துக்கானது. எடுத்து வந்து, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்தேன். மாட்டவில்லை. ஏன் என்றால் அப்போது வேலை நெருக்கடி. அதுவும் இல்லாமல், இழுக்கிற வண்டியை ஓட்ட இந்த ஊரில் சக்கரபாணி ஒருவனால்தான் முடியும். நேராக நிற்கிற வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அப்புறம் அவனுக்கு இங்கே என்ன இருக்கிறது. இதை அன்று இப்படித் தெளிவாக நினைத்தேனா என்று தெரியாது. டிரம் மட்டும் மூலையிலேயே இருந்தது.

ஆவணியில் அவனுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் ஆந்த்ரே என்று ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் மாடி கட்டியபோது மணல் அடித்தது நம் வண்டி. அவர் மகள் ழனெத்துக்குச் சக்கரபாணியைப் பிடித்துவிட்டது. அவள் பிரெஞ்சுக் குடிமகள். அவளைக் கட்டினால் அவனும் பிரான்சுக்குப் போகலாம். தையில் கல்யாணம், பங்குனிக்குள் விமானம் என்று பேசி முடித்தார்கள்.

நீங்கள் வெளியூர், அதனால் இதைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் அறுபத்திரண்டில் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு வழி திறந்துவைத்தார்கள். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்புகிறவன் எழுதிக் கொடுக்கலாம், ஆறு மாதம் கெடு. ஆந்த்ரேயும் நானும் அப்போது ஒரே தெரு. எழுதிக் கொடுக்கப் போகிற அன்று என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "வர்றியா கோவிந்து?" என்று கேட்டார். நான் மில் சங்கத்தில் கொடி பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரனே போய்ட்டான், நீ இன்னும் அவன் வாலைப் புடிச்சிக்கினு தொங்குறியா என்று கேட்டேன். தெருவே சிரித்தது. ஆந்த்ரே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு இன்று பென்ஷன் வருகிறது, மகன்கள் பாரிசில் இருக்கிறார்கள். எனக்கு இந்த லாரி. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை சார். வருத்தம் இருந்தால் அவர் தெரு வழியாகப் போவதையே நிறுத்தியிருப்பேன். நிறுத்தித்தான் இருந்தேன், ஆனால் அதற்குக் காரணம் வேறு. அது குறுகல் தெரு, லாரி திரும்பாது. சக்கரபாணி எப்படியோ மணல் கொண்டுபோய் இறக்கினான்.

சம்பந்தம் முடிவானபின் அவன் சாயங்காலங்களில் பிரெஞ்சு படிக்கப் போனான். வீட்டுக்குள் நுழையும்போதே வணக்கத்துக்குப் பதில் அக்காவுக்கு ஒரு போன்ழூர் போடுவான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பிடும்போது என் காலைக் காட்டிச் சொன்னான். "மாமா, போய் ரெண்டு வருஷத்துல உங்களயும் அக்காவையும் கூப்புட்டுக்கறேன். ஆந்த்ரே மாமாகிட்ட கேட்டேன். இந்தக் காலை அங்க சுளுவா சரி பண்ணிடுவாங்களாம். நீங்க ஏன் அன்னிக்கே எழுதிக் குடுக்காம விட்டீங்கன்னு அவரு இன்னும் வருத்தப்படுறாரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவினேன். சோறு இலையில் பாதி இருந்தது. எனக்கு அன்று பசி இல்லை.

அவன் போனபின் வண்டிக்கு ஆள் வேண்டுமே. ஆதிமூலத்தைக் கூப்பிட்டேன். இப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாரே, அவர்தான். லோடோடு ஓட்டிப் பார்த்தார். பிரேக் அடித்ததும் வண்டி வலப்பக்கம் பாய்ந்து டீக்கடை பெஞ்சை உடைத்தது. நல்லவேளை, பெஞ்சில் ஆள் இல்லை. இறங்கி வந்து, "அண்ணே, இத்த ஓட்ட உங்க மச்சானாலதான் ஆவும். நீங்க பிரேக்க நேர் பண்ணி வைங்க, தையில வந்துடறேன்" என்றார். அதில் நியாயம் இருந்தது. வேறு டிரைவர் வருகிறார் என்றால் பிரேக்கைச் சரிசெய்வது சொந்தக்காரன் கடமை. அதனால் சரிசெய்தேன். இதில் குற்றம் என்ன என்று எந்த கோர்ட்டும் கேட்கும்.

ஆதிமூலம் வருவது தையில். மார்கழி முடிய ஓட்டப்போவது சக்கரபாணி. நான் வேலை செய்தது கார்த்திகையில். ஏன் தை வரைக்கும் பொறுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சக்கரபாணி கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஆந்த்ரே வீட்டாரோடு தையல்காரரிடம் போயிருந்தான். சாக்கைப் பிரித்து டிரம்மை எடுத்தேன். அன்று செய்த மாதிரி நான் எந்த வேலையும் செய்ததில்லை. புது லைனிங், புது ரப்பர், நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிடி. அதற்காகவாவது பெருமைப்படலாம் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு செல்வாம்பாளைக் கூப்பிட்டு ஏர் எடுத்தோம். அமுக்கு, புடி, விடு. கடைசி நிப்பிளை இறுக்கிவிட்டு, மிதிச்சுப் பாரு என்றேன்.

"கல்லு மாதிரி நிக்குதுங்க" என்றாள் மேலேயிருந்து. "இனிமே இழுக்காதா?"

"இழுக்காது."

"அப்ப தம்பிகிட்ட சொல்லணுமே. அவன் கை பாட்டுக்கு ஒடிக்குமே."

எனக்கு முன்னால் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது பாருங்கள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகமும் அவளுக்குத் தெரியாது. "நானே சொல்லிக்கிறேன். நீ நடுவுல எதுவும் சொல்லாத, உனக்கு விவரமாச் சொல்ல வராது" என்றேன். சரிங்க என்றாள். நான் சொல்லாமல் காலைக்கூட எடுக்காதவள் அவள்.

மறுநாள் விடிந்ததும் அவன் வண்டியை எடுத்தான். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் ஒருதரம் மிதித்துப் பார்த்தான். "இன்னா மாமா, பெடலு மேலயே நிக்குது?"

"ஆயில் மாத்தினேன்" என்றேன்.

அது பொய் இல்லை, ஆயிலும் மாற்றியிருந்தேன். மற்றதைச் சொல்வதற்குள் அவன் கிளம்பிவிட்டான். எனக்கு இந்தக் காலோடு லாரிக்குப் பின்னால் ஓட முடியாது. இப்போதைக்கு இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைச்சாவடிக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பில் கட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வரவேண்டும். போகும்போது வண்டி காலி, அதனால் ஒன்றும் தெரியாது. திரும்பும்போது லோடு. தோப்பிலிருந்து கொஞ்ச தூரம் சாலை நேராகப் போகும், பிறகு இறக்கம், இறக்கத்தின் முடிவில் ஒரு சின்ன மதகு. அந்த மதகின் மேல்தான் மீன்கூடைப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துப் பங்கு பிரிப்பார்கள். இறக்கத்தில் வருகிறவன் அங்கே பிரேக் அடிக்காமல் முடியாது. லோடோடு அவன் முதல்முதலாக அழுத்தி அடிக்கிற பிரேக் அதுவாகத்தான் இருக்கும். அந்த வருஷ மழையில் மதகின் இடப்பக்கக் கைப்பிடிச் சுவர் விழுந்துவிட்டது. கீழே கடலுக்குப் போகிற ஓடை, மழைக்காலத்தில் ஆள் ஆழம்.

முந்தின வாரம் பஸ்ஸில் போய் நானே பார்த்துவிட்டு வந்தேன். சுவரைக் கட்டிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். நம் வண்டி போகிற பாதையை நாம்தானே பார்த்து வைக்க வேண்டும். கட்டவில்லை.

கட்டை லோடின் மேல் உட்கார்ந்து வந்தவன் காத்தவராயன், நம்மிடம் லோடுமேனாக இருந்தான். வண்டி சாயும்போது தண்ணீரில் எகிறி விழுந்து பிழைத்துக்கொண்டான். போலீசிடம் அவன் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பொம்பளைங்க மதகு மேல நின்னுக்கினு இருந்தாங்க. அண்ணன் பிரேக் அடிச்சாரு. வண்டி நல்லாத்தான் சார் புடிச்சிது. அவராத்தான் இடதுபக்கம் ஒடிச்சாரு. எதிர்ல ஒரு சைக்கிள்கூட வரல. எதுக்கு ஒடிச்சாருன்னே தெரியல சார்."

எதுக்கு என்று அங்கே கூடியிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேபின் தலைகீழாகக் கிடந்தது. அதன் மேல் சவுக்குக் கட்டைகள் சரிந்திருந்தன. பிள்ளைச்சாவடி ஆட்கள் இறங்கி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்கள். அவனை வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. தண்ணீர் குடித்திருந்தான். செல்வாம்பாள் அவனை மடியில் போட்டுக்கொண்டு, டேய் தம்பி, டேய் தம்பி என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் முதலில் பார்த்தது இடது முன்சக்கரத்தை. டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியைத் தூக்கிவைத்து ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி, மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்தார். பிரேக் முதல்தரமாக இருக்கிறது, இதற்கு மேல் ஒரு வண்டிச் சொந்தக்காரர் என்ன செய்ய முடியும் என்று என் தோளைத் தட்டினார். டிரைவர் தூங்கியிருப்பான், இல்லையென்றால் போட்டிருப்பான் என்றார்.

ஊர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. சொல்தா வீட்டுச் சம்பந்தம், அங்கே பாட்டிலுக்கு என்ன பஞ்சம், மாப்பிள்ளை காலையிலேயே ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறான் என்று டீக்கடையில் பேசினார்கள். அவன் வாயில் ஒரு சொட்டு வைத்தவன் இல்லை. அது எனக்குத் தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். தம்பி குடித்துவிட்டுச் செத்தான் என்று குழாயடியில் சொன்னவளோடு செல்வாம்பாள் சண்டை போட்டு, மயிரைப் பிடித்து இழுத்து, குடம் நசுங்கித் திரும்பி வந்தாள். அந்தக் குடத்தைத் தட்டி நேர் செய்து கொடுத்தேன்.

ஆந்த்ரே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்யா கோவிந்து. உனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன். அவனும் போய்ட்டானே" என்று அழுதார். எனக்குக் கோபமாக வந்தது. செத்தது என் வீட்டுப் பிள்ளை, ஆனால் அந்த ஆள் என்னைப் பார்த்துப் பாவப்படுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் ழனெத்துக்கு வேறு மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். பந்தலுக்குச் சவுக்கு நம் வண்டியில்தான் போயிற்று. ஆதிமூலம் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்தத் தெருவில் வண்டி நன்றாகவே திரும்பியது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். சத்தியமாக இல்லை. நான் நினைத்ததெல்லாம் ஒரு கால். மிஞ்சிப்போனால் கால், கை. நொண்டி மாப்பிள்ளையை உப்பளத்தில் ஏற்கமாட்டார்கள். விமானம் போய்விடும். அவன் வீட்டோடு இருந்திருப்பான். அவன் அக்கா இரண்டு பேருக்கும் சோறு போட்டிருப்பாள். கொட்டகையில் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து லைனிங் ரிவிட் அடித்துக்கொண்டிருப்போம். ஆதிமூலம் ஓட்டுவார். மூன்று பேரும் முன்போலவே இருந்திருப்போம். இதில் யாருக்கு என்ன கெடுதல் சொல்லுங்கள். தண்ணீர் அவ்வளவு ஆழம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆள் ஆழம் என்று முன்னால் சொன்னேன், அது ஓரத்தில் நின்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்த கணக்கு.

காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் போனபின், செல்வாம்பாள் கேட்டாள். "அன்னிக்கு இழுப்பு போயிடுச்சுன்னு தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன். "அவன்தான் கல்யாண நெனப்புல கவனிக்கல போல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரங்களைக் கழுவப் போனாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதும் இல்லை. சோறு வைப்பாள், வெந்நீர் வைப்பாள், காலுக்கு எண்ணெய் எடுத்து வைப்பாள். அந்த வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

போலீசுக்கும் போனேன் சார். நான்தான் கொன்றேன் என்று ஏட்டிடம் சொன்னேன். எப்படி என்றார். பிரேக்கை நன்றாகச் சரிசெய்து வைத்தேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, துக்கத்தில் மனசு இப்படித்தான் உளறும், வீட்டுக்குப் போய்ப் படுங்க என்று அனுப்பிவைத்தார். பிரேக் கெட்டிருந்தால் என்னை உள்ளே வைத்திருப்பார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை.

இப்போதும் பிரேக் வேலை நான்தான் செய்கிறேன். ஏர் எடுக்க அவள்தான் வருகிறாள். கூப்பிட்டால் ஏறி உட்காருவாள். அமுக்கு என்றால் அமுக்குவாள், விடு என்றால் விடுவாள். போன தடவை ஒரு காரியம் செய்தேன். கொட்டகைத் தரை கொஞ்சம் சரிவு, தெரியுமா. வேண்டுமென்றே சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போய்ப் படுத்தேன். ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் வண்டியை நிறுத்தி வைத்திருந்தது, அது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டை இல்லை என்று அவளிடம் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிற சத்தம். இறங்கி வந்தாள். மூலையில் கிடந்த கட்டைகளை எடுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினாள். திரும்ப ஏறி உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள்.

அமுக்கு என்றேன். வேறு என்ன சொல்வது.

உங்களுக்கு நேரமாகிறது, முடித்துவிடுகிறேன். முன்னால் ஒன்றை இப்போதைக்கு இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் அல்லவா, அது சரியில்லை. அவன் உடனே கிளம்பிவிடவில்லை. ஆயில் மாத்தினேன் என்றதும் "மெர்சி மாமா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தான். எனக்குச் சொல்ல வாய் திறந்திருந்தது, அந்த மெர்சியைக் கேட்டு மூடிக்கொண்டேன். அவன் அதைக் கவனித்திருக்கிறான். என்ஜின் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்து என்ஜினை நிறுத்தினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா மாமா, வேற எதுனா சொல்லணுமா?" என்று கேட்டான். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நான் முணுமுணுத்திருந்தால்கூட அவனுக்குக் கேட்டிருக்கும். என் வாய்க்காக அவன் காத்திருந்தான்.

ஒண்ணுமில்ல, போயிட்டு வா என்றேன்.

அவ்வளவுதான் சார் நான் செய்தது. எனக்கு அவன்மேல் பொறாமை கிடையாது. போயிட்டு வா என்றுதான் சொன்னேன், வராதே என்று சொல்லவில்லை.